கமரா வெளியே, ஊசி உள்ளே

போன மாதம் ஒரு சத்திரசிகிச்சைப் பயிற்சிக் கூட்டத்தில் உங்களில் ஒருவர் எழும்பி, "சேர், டயதர்மியை விட மைக்ரோவேவ் பாதுகாப்பானதுதானே?" என்று கேட்டார். இரண்டும் இரத்தக் கசிவைச் சுட்டு நிறுத்துகிற கருவிகள். கேட்டவர் நல்ல பிள்ளை. முன்வரிசையில் இருந்து குறிப்பும் எடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் எனக்கு வந்த எரிச்சலில் பதில் சொல்லாமல் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டேன். எந்தக் கத்தி கையை வெட்டாது என்று கடையில் போய்க் கேட்டால் கடைக்காரன் என்னதான் சொல்வான்? வேலையை விட்ட பிறகும் இந்தக் கேள்வி என்னை விடுவதாக இல்லை. இன்றைக்கு முழுவதையும் சொல்லித் தொலைக்கிறேன். பிறகு என்னிடம் வந்து கேட்காதீர்கள்.

நான் யாழ்ப்பாணத்துக்காரன். தொண்ணூறுகளில் மாற்றலாகி மலைநாட்டுக்கு வந்தேன். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவிலிருந்த ஓர் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை நிபுணராக இருந்து அங்கேயே தலை நரைத்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். பெயரைச் சொன்னால் நாளைக்கே யாராவது சண்டைக்கு வருவார்கள்.

வயிற்றைக் கிழிக்காமல், சிறு துளைகள் போட்டு, கமராவை உள்ளே விட்டு, திரையைப் பார்த்துக்கொண்டு செய்கிற சத்திரசிகிச்சை எங்களுக்கும் வந்து சேர்ந்தது. கொழும்பில் எல்லாம் சொல்லித்தந்தார்கள். குளிரைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மலைநாட்டு ஒப்பரேஷன் தியேட்டரில் கமராவின் கண்ணாடி சில்லிட்டுக் கிடக்கும். அதைக் கொண்டுபோய் வெதுவெதுப்பான வயிற்றுக்குள் விட்டால் என்ன ஆகும்? மூக்குக்கண்ணாடி போட்டவன் ஆவி பறக்கத் தேத்தண்ணி குடித்தால் என்ன ஆகுமோ அதுதான். திரை முழுக்கப் பனிமூட்டம் மாதிரி வெள்ளைப் புகார். ஈரல் எது, குடல் எது என்று தெரியாது.

அதனால் நாங்கள் இரண்டு வழக்கம் வைத்திருந்தோம். கிருமி நீக்கிய சுடுதண்ணீரைப் பிளாஸ்க்கில் வைத்து, கமராவின் நுனியை அதில் முக்கிச் சூடாக்கித்தான் உள்ளே விடுவோம். அப்படியும் புகார் பிடித்தால் வெளியே எடுத்துத் துடைப்போம். ஆனால் கமரா வெளியே வருவதற்கு முன்னால், சுடுகிற கருவி எதுவாக இருந்தாலும் அது வெளியே வந்துவிட வேண்டும். கண் இல்லாத இடத்தில் நெருப்பு இருக்கக் கூடாது. இதற்கு ஒரு ஆராய்ச்சியும் தேவையில்லை. கொஞ்சம் புத்தி இருந்தால் போதும்.

சண்டை நின்று, சமாதானம் சமாதானம் என்று எல்லாரும் பேசித்திரிந்த காலம் வந்தது. வெளிநாட்டுக்குப் போன எங்கள் ஆட்கள் சூட்கேசும் சாக்லேட்டுமாய்த் திரும்பிவரத் தொடங்கினார்கள். அப்படி ஒருவர் எங்கள் ஆஸ்பத்திரிக்கும் வந்தார். என்னைவிட வயதில் குறைந்தவர், வெளிநாட்டில் பெரிய சத்திரசிகிச்சை நிபுணர். என்னை அண்ணை என்பார். நான் தம்பி என்பேன். கெட்டிக்காரன், அதில் சந்தேகமே இல்லை. கை அவ்வளவு லாவகம். அவர் ஒரு மெஷினைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரிக்கு அன்பளிப்பாகத் தந்தார்.

மைக்ரோவேவ் மெஷின். ஒரு பெட்டி, அதிலிருந்து தடித்த வயர், வயரின் முனையில் நீளமான ஊசி. வீட்டில் சோறு சூடாக்குகிற பெட்டிக்குள் இருக்கிற அதே வகை அலைதான் ஊசி நுனியிலிருந்து வரும். ஈரலில் இரத்தம் கசிகிற இடத்தில் நுனியை வைத்தால் சதையில் இருக்கிற நீர் கொதித்து, இரத்தம் உறைந்து, கசிவு நிற்கும். அருமையான சாமான். நான் மெஷினைக் குறை சொல்லவில்லை, இப்போதும் சொல்லமாட்டேன்.

ஆனால் அதற்கு நடந்த விழாவைப் பார்த்திருக்க வேண்டும்! குத்துவிளக்கு ஏற்றினார்கள். யாரோ பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார்கள். ஓரிடத்தில் பிக்குகள் ஓதிக் கொடுத்த பிரித் நூலும் கட்டியிருந்தார்கள். பஜாரில் புடைவைக்கடை வைத்திருந்த ஹாஜியார் எல்லாருக்கும் கேக்கும் சோடாவும் கொடுத்தார். மூன்று சமயமும் சேர்ந்து ஆசீர்வதித்த பெட்டி எப்படிப் பிழை விடும் என்று எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. மெஷினை எப்படிக் கையாள்வது என்று எங்கள் தியேட்டர் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க மட்டும் நேரம் கிடைக்கவில்லை. பேச்சுகள் நீண்டுவிட்டனவாம்.

மறுநாள் செய்து காட்டுவது என்று முடிவாயிற்று. அதற்குத் தெரிவானவள் ராசம்மா. பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். பித்தப்பையில் கல். என் வார்டில்தான் இருந்தாள். ஈரலோடு ஒட்டிக்கொண்டிருக்கிற பித்தப்பையை உரித்தெடுக்கும்போது ஈரலில் கசிவு வரும், அந்த இடத்தில் மெஷினைக் காட்டலாம் என்பது தம்பியின் கணக்கு. ராசம்மாவிடம் போய்ச் சொன்னபோது அவள் கை இரண்டையும் கூப்பி, "பெரிய டாக்டரய்யா கையால ஆகணும்னு எழுதியிருக்குங்க" என்றாள். தன்னைத் தெரிவுசெய்தது ஏதோ பரிசு விழுந்தது போல அவளுக்கு. பக்கத்துக் கட்டில்காரிகளுக்குப் பொறாமை வேறு.

தியேட்டருக்குள் வந்த தம்பி முதலில் செய்த வேலை பிளாஸ்க்கைப் பார்த்துச் சிரித்ததுதான்.

"என்ன அண்ணை, பிக்னிக்கோ?"

"கண்ணாடிக்குப் புகார் பிடிக்கும் தம்பி. இந்தக் குளிருக்கு அது வேணும்."

"அதுக்கெண்டு மருந்து கொண்டந்திருக்கிறன். தடவினாப் போதும். உந்தப் பிளாஸ்க்கை எடுக்கச் சொல்லுங்கோ, படம் எடுக்கிற ஆக்கள் நிக்கினம்."

பிளாஸ்க் போயிற்று. நான் கமராவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரைக்கு முன்னால் மருத்துவ மாணவர்கள், தாதிமார், வீடியோ எடுக்கிறவர். தம்பி பித்தப்பையை உரித்தெடுத்த அழகை இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். எதிர்பார்த்தது போலவே ஈரலில் கசிவு. ஊசியை உள்ளே விட்டார். பெடலை மிதித்தார். சதை வெளுத்தது, கசிவு நின்றது. கை தட்டினார்கள். தியேட்டருக்குள் கைதட்டல் கேட்டது என் சீவியத்தில் அதுதான் முதல் தடவை. கடவுள் புண்ணியத்தில் அதற்குப் பிறகு கேட்கவும் இல்லை.

ஆனால் கொதிக்கிற இடத்தில் ஆவி வராமல் இருக்குமா? ஆவி எழும்பியது. குளிர்க் கண்ணாடியில் படிந்தது. தடவிய மருந்து பாதியிலேயே கைவிட்டது. திரை வெள்ளை.

"துடைச்சுப் போட்டு வாறன். ஊசியை வெளியில எடும் தம்பி" என்றேன்.

"ஓஃப் பண்ணிட்டன் அண்ணை. நீங்க துடையுங்கோ."

"ஓஃப் பண்ணினாலும் வெளியில எடும்."

"அண்ணை, இது டயதர்மி இல்லை. கரண்ட் உடம்புக்குள்ளால ஓடுறதில்லை. ஓஃப் எண்டால் ஓஃப்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். டயதர்மியில் மின்சாரம் நோயாளியின் உடம்புக்குள்ளால் ஓடும். வழிதவறி வேறிடத்தைச் சுட்டுவிடும். மைக்ரோவேவில் அந்தத் தொல்லை கிடையாது. எல்லாம் சரி. ஆனால் அடுப்பை அணைத்த கையோடு ரொட்டிக்கல்லில் விரலை வைப்பீர்களா? அலை நின்றுவிட்டது, சூடு நிற்கவில்லை. நான் கமராவைத் துடைத்துக்கொண்டு நிற்க, அவர் ஒரு கையில் ஊசியின் பிடியோடு மற்றப் பக்கம் திரும்பி மாணவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது உடம்பு திரும்பும், உடம்போடு கையும் திரும்பும். உள்ளே அந்த நுனி எங்கே போனது, எதைத் தொட்டது என்று ஆருக்குத் தெரியும்? கமரா மறுபடி உள்ளே போனபோது எல்லாம் சுத்தமாகத்தான் தெரிந்தது. நான் குடல் பக்கமும் ஒருமுறை திருப்பிக் காட்டினேன். சூடு பட்ட குடல் அந்த நேரத்தில் ஒன்றும் சொல்லாது, பிள்ளைகளே. அந்த இடம் மெல்ல மெல்லச் செத்து, பிறகுதான் ஓட்டையாகும்.

மறுநாள் ராசம்மா எழும்பி நடந்தாள். வார்டில் எல்லாரும் அவளை வேடிக்கை பார்த்தார்கள். தம்பி அவள் வயிற்றிலிருந்த சின்னச் சின்னக் கட்டுகளைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு கொழும்பில் ஒரு பேச்சு இருக்கிறதென்று போய்விட்டார். போகும்போது, "என்ர கேஸ் அண்ணை, நான் வந்து வீட்டுக்கு அனுப்புறன்" என்றார். தொழில் மரியாதை என்று ஒன்று இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். ஒருவர் செய்த நோயாளியில் மற்றவர் கை வைக்கக் கூடாது. நல்ல மரியாதைதான். ஆட்களைக் கொல்லாதவரைக்கும் நல்ல மரியாதை.

அதற்கிடையில் ராசம்மாவின் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா தொடங்கிவிட்டது. அவள் புருஷன் முத்தையா பார்க்க வந்தபோது கோயிலிலிருந்து காப்புக் கொண்டுவந்து அவள் கையில் கட்டினான். மஞ்சள் நூல், நடுவில் ஒரு மஞ்சள் துண்டு. அவர்கள் வீட்டில் அந்த வருடம் பால்குடம் எடுக்கிற நேர்த்தி. ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் அவளும் காப்புக் கட்டத்தான் வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம். காப்புக் கட்டினால் மச்சம் மாமிசம் தொடக் கூடாது, கண்ட இடத்துச் சாப்பாடும் கூடாது.

அன்றிலிருந்து அவள் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. வார்டுச் சிஸ்டர் சிங்கள அம்மா, தமிழ் நன்றாகப் பேசுவார். அவர் கேட்டதற்குப் பக்கத்துக் கட்டில்காரிகள் கோரசாகச் சொன்னார்கள்: "காப்புக் கட்டியிருக்காங்க மிஸ்ஸி. விரதம்." சிஸ்டரும் பக்திமான். விரதக்காரியைத் தொல்லைப்படுத்தக் கூடாதென்று சாப்பாட்டுத் தட்டை அவள் பக்கம் கொண்டுபோவதையே நிறுத்திவிட்டார். தம்பிக்குப் பதிலாகப் பார்த்துக்கொண்டிருந்த சின்ன டாக்டரும் விரதம் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். சாப்பிடாத நோயாளி ஒருத்தி கிடக்கிறாள், அத்தனை பேரும் மரியாதையோடு சுற்றிப்போகிறார்கள். இதை எந்தப் புத்தகத்தில் படிப்பீர்கள்?

எனக்கு விஷயம் தெரிய வந்தது, அடுத்த கட்டிலில் கிடந்த என்னுடைய நோயாளியைப் பார்க்கப் போனபோதுதான். மத்தியானம். ராசம்மா ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுத்திருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு. நெற்றியில், அந்தக் குளிரில், வேர்வை.

"எப்பிடி இருக்கு அம்மா?"

"நல்லா இருக்கேனுங்க."

"எங்கயும் நோகுதோ?"

"ஒண்ணும் இல்லீங்க அய்யா."

"சாப்பிட்டனீங்களோ?"

"விரதமுங்க."

சரி என்று நகர்ந்திருப்பேன். ஆனால் கட்டிலுக்குப் பக்கத்துச் சின்ன அலுமாரியின் மேல் முத்தையா கொண்டுவந்த பால் அப்படியே இருந்தது. வாழைப்பழமும் அப்படியே. நானும் விரத வீட்டில் பிறந்து வளர்ந்தவன். கந்தசஷ்டிக்கு எங்கள் வீட்டில் சோற்றை விடுவார்கள். பாலையும் பழத்தையும் ஒருவரும் விட்டது கிடையாது. விரதக்காரிக்கென்றே புருஷன் கொண்டுவந்த பாலை ஏன் ஒரு வாய் குடிக்கவில்லை? நாடியைப் பிடித்தேன். ஓடுகிற ஓட்டம். வயிற்றின் வலப்பக்கம் கை வைத்தேன். சிரித்த முகம் மாறவில்லை. வயிறு பலகை மாதிரி இறுகியது. வாய் பொய் சொல்லும். வயிறு சொல்லாது.

கமரா வெளியே இருந்த அந்த நேரம் எனக்கு உடனே ஞாபகம் வந்தது.

கொழும்புக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, உள்ளுக்க ஊதின காற்று இன்னும் போயிருக்காது. வாய்வு. ரெண்டு நாள் பாருங்கோ."

"காற்று நாளுக்கு நாள் குறையும் தம்பி. இது கூடுது. குடல் சுட்டிருக்கு."

"சான்ஸே இல்லை. மைக்ரோவேவ் அப்பிடிப் பாயாது."

"பாயத் தேவையில்லை. தொட்டாலே போதும்."

தம்பியின் குரல் இறங்கியது. பிறகு, "நான் வாற வரைக்கும் வெட்டாதேங்கோ அண்ணை. வெட்டிப் பார்த்து ஒண்டும் இல்லையெண்டால் எனக்கு எவ்வளவு வெக்கம்? வீடியோவெல்லாம் போட்டுக் காட்டிக்கொண்டு நிக்கிறன்" என்றார்.

கோதாரி! ஒருத்தியின் வயிற்றுக்குள் மலம் ஒழுகுகிறது, இவருக்கு வீடியோ! நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. கடைசியாக, "வெட்டி ஒண்டும் இல்லையெண்டால் அந்த வெக்கம் என்னோட போகட்டும். வெட்டாமல் விட்டால் அவள் போயிடுவாள்" என்று போனை வைத்தேன். உங்களுக்கும் ஒருநாள் இந்தத் தராசு கைக்கு வரும். ஒரு தட்டில் ஒரு மனிசரின் உயிர், மற்றத் தட்டில் உங்களுடைய பெயரோ உங்கள் நண்பனின் பெயரோ. அது கனமான முடிவு என்று ஒருவரும் கதை விட வேண்டாம். அதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

வைத்துவிட்டுத் திரும்பினால் அடுத்த வில்லங்கம். பார்வை நேரத்துக்கு வந்த முத்தையா கட்டிலருகில் நின்றுகொண்டிருந்தான். மறுபடி வெட்ட வேண்டும் என்றேன். அவன் முகம் செத்துவிட்டது.

"பெரிய டாக்டரய்யா நல்லாயிருச்சுன்னு சொன்னாங்களே!"

"அவர் சொல்லேக்க நல்லாத்தான் இருந்தது. இப்ப இல்லை. இண்டைக்கே செய்ய வேணும்."

"காப்புக் கட்டின ஒடம்புல கத்தி வைக்கலாமாங்க? அத அவுத்தா தெய்வக் குத்தமாகிருமுங்க. திருவிழா முடியட்டுமுங்க அய்யா."

ராசம்மாவைப் பார்த்தேன். அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் சொல்வதுதான் அவளுக்கும் முடிவு. தியேட்டருக்குப் போகிறவர்களின் நூல், தாலி, வளையல் எல்லாம் கழற்ற வேண்டும் என்பது சட்டம். சிஸ்டர் கத்திரிக்கோலோடு வந்து நின்றதைக் கண்டதும் அவள் இரண்டு கையையும் நெஞ்சுக்குள் மடித்துக்கொண்டாள். அந்தக் கையைப் பிரிக்க ஆரால் முடியும்?

நான் அங்கே விஞ்ஞானம் பேசியிருக்கலாம். பேசிக்கொண்டிருந்தால் பொழுது போயிருக்கும், அவளும் போயிருப்பாள். அந்தச் சட்டம் எதற்கு? நூலில் இருக்கிற அழுக்குப் புண்ணுக்குள் போகாமல் இருக்கத்தானே? புண் வயிற்றில், நூல் மணிக்கட்டில். "சிஸ்டர், கத்திரிக்கோலை உள்ள வையுங்கோ. மருந்து பூசி, பஞ்சு வைச்சு, மேல பிளாஸ்டரால சுத்திவிடுங்கோ" என்றேன். முத்தையாவிடம் திரும்பி, "காப்பில ஒருத்தரும் கை வைக்கமாட்டம். கட்டினபடியே போய்க் கட்டினபடியே வருவா" என்றேன்.

அவன் நூலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அப்ப செய்யுங்க அய்யா" என்றான். கையெழுத்தும் போட்டான். ராசம்மா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "பெரிய டாக்டரு வரலீங்களா?" வரமாட்டார், நான்தான் செய்யப்போகிறேன் என்றேன். அவளுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று முகத்திலேயே தெரிந்தது. என்ன செய்வது? கிடைத்த டாக்டரை வைத்துத்தான் பிழைக்க வேண்டும்.

இந்த முறை துளையும் இல்லை, திரையும் இல்லை. வயிற்றைத் திறந்தேன். நாற்றமே பதில் சொல்லிவிட்டது. ஈரலுக்குக் கீழே பெருங்குடல் வளைகிற இடத்தில், சின்னதாக, வட்டமாக வெளுத்த ஒரு பொட்டு. அதன் நடுவில் ஓட்டை. அந்தத் துண்டை வெட்டியெடுத்து, குடலின் வாயை வெளியே கொண்டுவந்து வயிற்றில் வைத்துத் தைத்தேன். வயிற்றைக் கழுவினோம், கழுவினோம், கழுவிக்கொண்டே இருந்தோம். மயக்கமருந்து கொடுத்தவர் இரண்டு தடவை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இரத்த அழுத்தம் விழுந்து விழுந்து எழும்பியது. அவள் பிழைப்பாள் என்று அன்று ஒருவரும் பந்தயம் கட்டியிருக்கமாட்டார்கள். நானும்தான்.

பிழைத்துவிட்டாள். இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், உங்களை வதைத்துவிட்டேன். பல மாதம் மலம் சேர்கிற பையை வயிற்றில் மாட்டிக்கொண்டு திரிந்தாள். பிறகு குடலை மறுபடி உள்ளே வைத்துத் தைத்தோம். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறிவிட்டாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

ஆனால் நான் சொல்ல வந்த பாடம் கமராவோடும் ஊசியோடும் முடியவில்லை. கமரா வெளியே என்றால் ஊசியும் வெளியே. அதை நீங்கள் எழுதி வைத்துக்கொள்வீர்கள். மற்றதை எழுத முடியாது என்றுதான் இவ்வளவு நீட்டி முழக்குகிறேன்.

தம்பி கொழும்பிலிருந்து வந்தார். வெட்டியெடுத்த துண்டைப் போத்தலில் வைத்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். சண்டைபிடிப்பார் என்று நானும் பதில்களைத் தயார்செய்து வைத்திருந்தேன். அவர் சண்டைக்கே வரவில்லை. கண் கலங்கிவிட்டது. "அவவைப் பாக்கலாமோ அண்ணை?" என்று மட்டும் கேட்டார். கூட்டிக்கொண்டு போனேன்.

ராசம்மாவுக்கு அப்போதுதான் கொஞ்சம் தெளிந்திருந்தது. அவரைக் கண்டதும் கை கூப்பப் பார்த்தாள். ஒரு கையில் சேலைன், மற்றக் கையில் பிளாஸ்டர்.

தம்பி கட்டிலருகில் குனிந்து, "அம்மா, அவ்வளவு நோகேக்க ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?" என்றார்.

திருவிழாவுக்குப் போக வேண்டும் என்று மறைத்திருப்பாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எம்புட்டுத் தொலவுல இருந்து மெஷின கொண்டாந்தீங்க" என்றாள். குரல் எழும்பவில்லை. "எல்லாரும் கை தட்டுனாங்களாமே, மிஸ்ஸிதான் சொன்னாங்க. போட்டாவெல்லாம் புடிச்சாங்க. வலிக்குதுன்னு நான் சொன்னா ஒங்க மொகம் வாடிப்போகுமேன்னுதாங்க…"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "எங்கட முகம் வாடினால் வாடட்டும் அம்மா! முகத்துக்கோ நாங்கள் வைத்தியம் பாக்கிறம்?" என்று கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் பயந்துபோய், "கோவிச்சுக்காதீங்க அய்யா" என்றாள். நான் கோபித்தது அவளையா? வெள்ளைக்கோட்டைக் கண்டால் துரையைக் கண்டது போலக் கை கூப்பப் பழக்கினவர்களை. சுகமா என்று கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிற எங்கள் ஊர்வலங்களை. இத்தனை வருடம் மலைநாட்டில் என்னிடம் நல்லாயிருக்கேன் என்று சொன்ன அத்தனை பேரும் அந்த நிமிடம் என் கண் முன்னால் வந்து நின்றார்கள்.

தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் உண்மையாகவே உடைந்துபோயிருந்தார். அதை நான் சொல்லத்தான் வேண்டும்.

"இனி மறைக்கக் கூடாது அம்மா. எனக்கு உண்மையைச் சொல்லுங்கோ. இப்ப நோகுதோ?"

ராசம்மா அவருடைய கலங்கிய கண்ணை, தொங்கிப்போன முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இல்லீங்க" என்றாள்.

நான் போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். தையல் போட்ட இடம் நெருப்பாய்ச் சிவந்து வீங்கியிருந்தது.